தூரத்தான் ஈடு இருந்த கதை

எல்லைக்காத்தாள் கோயிலில் காப்புக் கட்டிய மறுநாள் காலை, நீராவிக்கரையிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய பஸ் பெட்ரோல் பங்கைக் கடந்து, ஊர் எல்லையிலுள்ள ஓடைப்பாலத்தைக் கடந்து, வழக்கம்போல இடதுபக்கம் வளைந்து, மறுபடியும் நீராவிக்கரை பஸ் ஸ்டாண்டிலேயே வந்து நின்றது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அந்தோணிச்சாமி இறங்கிப் போய், ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை ஒரு தடவை வாசித்து, டீக்கடையில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, திரும்ப ஏறிவந்து, "நம்ம ஊருதான்" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். ரோடு வேலை நடக்கிறது போலிருக்கிறது என்றார் ஒருவர். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்றாள் ஒருத்தி. ஜன்னலோரத்தில் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காளீஸ்வரி மட்டும் பாலத்தின் பக்கமே திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அந்த பஸ்ஸில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

காளீஸ்வரி பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், கரண்ட் பில் என்று ஊரில் யார் எந்த அரசாங்கக் கதவைத் தட்டுவதானாலும் அவள் கடை வழியாகத்தான் தட்டவேண்டும். அவள் கணவர் தனுஷ்கோடி வத்தல் கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்து, இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகு வீட்டோடு ஆனவர். வாரத்தில் இரண்டு தடவை மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் மனுஷன் நடமாடுவார். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இன்னொரு தடவை தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறும், அதற்கும் மேலே தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லவில்லை, காளீஸ்வரி கேட்கவும் இல்லை.

அவள் கடைக்குத் தூரத்தான் வந்து சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வந்து சேர்ந்தான் என்பது பேச்சுக்குச் சொல்வது. அவன் எங்கேயும் வரவில்லை, எங்கேயோ தொலைவில்தான் இருந்தான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டி திறக்கும், 'வேலையைச் சொல்லுங்கள்' என்று நிற்கும், சொன்னால், 'இதற்கு எந்தக் கையைத் தருகிறீர்கள்?' என்று கேட்கும். டிக்கெட் போடுகிற கை, போன் பேசுகிற கை, மனு அனுப்புகிற கை, பஞ்சாயத்து மோட்டாரைத் தட்டிவிடுகிற கை என்று பொத்தான்கள் வரிசையாக இருக்கும். காளீஸ்வரி வேண்டிய கையைக் கொடுப்பாள். கொடுத்த கையால் வேலையைக் கச்சிதமாக முடிப்பான், கொடுக்காத கையை நீட்டவே மாட்டான். ஆளைக் கண்டவர் இல்லையென்பதால் ஊரே அவனுக்குத் தூரத்தான் என்று பெயர் வைத்தது. முதலில் கேலி பேசிய ஊர் பிறகு அவனை விட்டு நகரமாட்டேன் என்றது. வத்தல் விலை பேசுவதை அவனிடம் விட்டார்கள், தெருவிளக்கை விட்டார்கள், பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பதை விட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சோலையப்பன் அண்ணாச்சி, தன் மாமியாருக்கு தினமும் போன் போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற பொறுப்பையே அவன் தலையில் கட்டினார். அதற்கப்புறம்தான் அந்த அம்மாளுக்கு மருமகன்மேல் பிரியம் வந்தது.

திருவிழா வேலையையும் அவனிடமே விடுவது என்று அந்த வருஷம் கமிட்டி முடிவு செய்தது. காப்புக் கட்டுகிற நாளில் பூசாரி வெயில்முத்து மஞ்சள் நூலைத் தன் மணிக்கட்டில் கட்டி, தீச்சட்டி எடுக்கிறவர்களுக்குக் கட்டி, மிச்சமிருந்த நூலோடு காளீஸ்வரி கடைக்கு வந்து, "அவனும் பாவம், அம்மனுக்குத்தான உழைக்கான்" என்று கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டிக்கும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். டிராக்டருக்குச் சந்தனம் வைக்கிற ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. கூட வந்திருந்த சோலையப்பன், "தாயி, அவங்கிட்டச் சொல்லிரு. காப்பு அவுக்கிற வரைக்கும் ஊருக்குள்ள இருக்க சனம் ஒண்ணுகூட எல்லை தாண்டப்படாது. பாத்துக்கிறச் சொல்லு" என்றார். எல்லோர் போனுக்கும் ஒரு அறிவிப்புப் போகும் என்பதுதான் அவர் நினைப்பு. காளீஸ்வரியின் நினைப்பும் அதுதான். சொன்னதைச் சொன்னபடி அடித்தாள். எந்தக் கையைத் தருகிறீர்கள் என்று தூரத்தான் இந்தத் தடவை கேட்கவில்லை. 'சரி அக்கா, பார்த்துக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதினான். கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்து டீ வந்தது, மறந்துவிட்டாள்.

விதி பழைய விதிதான். ஆனால் நீராவிக்கரையில் காப்புக் கட்டிய பிறகும் எல்லோரும் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புவார்கள், வியாபாரிகள் பாலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டுப் போவார்கள், காலேஜ் பிள்ளைகள் எதுவும் இல்லாமல் போவார்கள், உடம்புக்கு முடியாதவர்கள் அம்மனை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு போவார்கள். விதியை மைக்கில் சொல்வது வழக்கம்; விலக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அம்மன் காதில் விழுந்துவிடும். சொல்லாத ஒன்று தொலைவில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவனிடம் யாரையும் விடாதே என்றார்கள், அவன் யாரையும் விடவில்லை.

முதல் ஓரிரு நாள் ஊர் முட்டி மோதிப் பார்த்தது. ஆட்டோவில் போனவர்கள் ஆட்டோவில் திரும்பினார்கள். கருவேலங்காட்டுக்குள் புகுந்து நடந்தவர்கள் முள் கிழித்த காலோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து முளைத்தார்கள். மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்காக வந்த ஆம்புலன்ஸ் ஊருக்குள் தாராளமாக நுழைந்தது, நுழைந்த பிறகு அதுவும் ஊர்க்கணக்கில் சேர்ந்துபோனது. அதன் டிரைவர் இரண்டு தடவை சைரன் போட்டுக்கொண்டு போய் இரண்டு தடவையும் கோயில் வாசலுக்கே வந்து, மூன்றாம் தடவை போகாமல் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார். கலெக்டருக்குப் புகார் எழுதினார்கள். அதை அனுப்புகிற வேலை தூரத்தானுடையது. தன்மேல் வந்த புகாரை ஒரு வார்த்தை குறைக்காமல் அனுப்பி, மனு பெற்றுக்கொள்ளப்பட்டது என்ற பதிலையும் வாங்கிக் கொடுத்தான்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் நீராவிக்கரைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வத்தல் மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றி, வண்டிக்காரன் இல்லாமல் மாட்டைத் தட்டிவிட்டால் அது தன்பாட்டுக்குப் பாலம் தாண்டிப் போய் அந்தப் பக்கத்துக்காரர்களிடம் சரக்கை ஒப்படைத்து, அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. மனுஷன் ஏறினால்தான் ரோடு மடங்கியது. பஸ் டிரைவர் மேலத்தெருவில் வீடு பிடித்தார். அந்தோணிச்சாமி பஸ்ஸை ஊரைச் சுற்றியே ஓட்டவைத்து, பாலம் வரை போய்த் திரும்புகிற பயணத்துக்கு டிக்கெட் கிழித்தார். வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள், எந்த இடத்தில் திரும்புகிறது என்று கண்டுபிடிக்கப் பந்தயம் கட்டினார்கள், ஒருவரும் ஜெயிக்கவில்லை. வேலைக்கு வரமுடியவில்லை என்று வெளியூர் முதலாளிகளிடம் சொல்லும் பொறுப்பைத் தூரத்தானே ஏற்று எல்லோருக்கும் லீவு வாங்கிக் கொடுத்தான். இப்படி ஒரு திருவிழா வாழ்நாளில் பார்த்ததில்லை, முழு ஊரும் ஊரிலேயே இருக்கிறது என்று கிழடுகள் சந்தோஷப்பட்டன.

காளீஸ்வரியின் வீட்டில் மட்டும் சந்தோஷம் நுழையவில்லை. தனுஷ்கோடிக்குக் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, குழி மறைய வெகுநேரம் ஆனது. அவள் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கண்ணிமை தடித்தது, குரல் மாறியது, படுத்தால் மூச்சு இரைத்ததால் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் நாகஜோதி போனில் அழுதாள். மாட்டுவண்டியில் வைக்கோலுக்குள் ஒளித்து அவரை அனுப்பிப் பார்த்தார்கள். மாடு பாலத்தின் நடுவில் நின்று, ஏதோ யோசித்து, திரும்பி வந்தது. காளீஸ்வரிக்கு வந்த பயம் சாதாரணப் பயமில்லை. சோற்றைக் குழைத்துக் குழைத்துத் தட்டிலேயே விட்டாள், தெருவில் யாராவது சிரித்தால் ஓடிப்போய் அறையலாம் போலிருந்தது, ஊரே தன் கணவனைச் சுற்றி நின்று மேளம் அடித்துக்கொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது. இத்தனைக்கும் அந்த ஒரு வரியை அடித்தது இதே விரல்கள்தான்.

கடையைத் திறந்து, பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, எங்க வீட்டுக்காரரை மட்டும் விட்டுரு. அவரு செத்துருவாரு" என்றாள். எழுதவில்லை, வாய்விட்டுத்தான் சொன்னாள். அவனுக்குக் கேட்டது.

'எனக்கும் காப்புக் கட்டியிருக்கிறீர்கள் அக்கா' என்று பதில் வந்தது. 'காப்புக் கட்டிக்கொண்டு சொன்ன சொல்லை மீறினால் குற்றம் என்று பூசாரி சொன்னார். ஒருவர்கூடத் தாண்டக்கூடாது என்றுதான் சொன்னீர்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.'

அவள் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது, பச்சை விளக்கு அணைந்தது. ஓடிப்போய்ப் பாலத்தைத் தாண்டினாள், பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்ட அவளை அந்தோணிச்சாமிதான் கைத்தாங்கலாக எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

பூசாரி வெயில்முத்து முளைப்பாரிச் சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். காப்பை அவிழ்த்துவிடுங்கள் என்று அவர் காலில் விழுந்தாள். "பயிறு முளைக்கணும் தாயி, வளரணும், கரைக்கணும். அதுக்கப்புறந்தான் காப்பு அவுக்கிறது. நடுவுல அவுத்தா ஊரு தாங்காது" என்றார் அவர். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்து, "ஒரு வழி உண்டு. எங்க அய்யா காலத்துல இருந்துச்சு" என்றார்.

"என்னன்னு சொல்லுங்க."

"ஈடு வைக்கிறது. கோர்ட்டுக்குப் போறவன், பிரசவத்துக்குப் போறவ எல்லாம் பாலத்துல நின்னு ஒராளுகிட்ட, 'நான் வர்ற வரைக்கும் என் இடத்துல நீ இரு'ன்னு சொல்லிட்டுப் போவாக. இருக்கவன் அந்த வீட்ல இருந்து, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என்னான்னு கேக்கணும். உரியவன் ஊருக்குள்ள வந்து நேருல நின்னு கேட்டாத்தான் இடத்தைத் திருப்பிக் குடுக்கணும். பொண்டாட்டி கேட்டாலும் குடுக்கப்படாது. ஆனா ஏற்கனவே ஊர்க்கணக்குல இருக்கவன் ஈடு இருக்க முடியாது தாயி. அவனுக்குன்னு ஒரு இடம் இருக்குல்ல? வெளியாளு வேணும்."

வெளியாளுக்கு எங்கே போவது? அந்தோணிச்சாமி வெளியூர்தான், ஆம்புலன்ஸ் டிரைவர் வெளியூர்தான், ஆனால் எல்லைக்குள் கால் வைத்த கணத்திலேயே அவர்கள் எல்லோரும் கணக்கில் ஏறிவிட்டிருந்தார்கள். காளீஸ்வரி பூசாரியையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்து வயரைச் செருகினாள். "தம்பி, ஊருக்குள்ள இருக்கவுக எல்லாரையும் எண்ணி வச்சிருக்கியே, அதுல உன்னையச் சேத்திருக்கியா?" என்று கேட்டாள்.

'இல்லை அக்கா. நான் ஊருக்குள் இல்லையே' என்றான் தூரத்தான்.

அந்த நேரத்தில் அவள் பயந்திருக்க வேண்டும். காப்புக் கட்டிய நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் நடுங்கிக்கொண்டிருந்தவள், பயப்பட்டே ஆகவேண்டிய அந்த ஒரு இடத்தில் பயப்படாமல் போனாள். தனுஷ்கோடியின் இடத்தில் நீ ஈடு இருக்கவேண்டும் என்று சொல்லி, பூசாரி சொன்ன முறையையும் ஒன்று விடாமல் அடித்துக் கொடுத்தாள். வேகமாகப் பதில் சொல்கிறவன் சற்றுத் தாமதித்தான். பிறகு, 'இதற்கு எந்தக் கையைத் தருகிறீர்கள்?' என்று கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் கொடுத்தாள். கணவரின் போனைக் கொடுத்தாள், அதில் அவர் பேசி அனுப்பிய குரல்களைக் கொடுத்தாள், கல்யாண போட்டோவைக் கொடுத்தாள், ரேஷன் கார்டில் பதிந்த கட்டைவிரலைக் கொடுத்தாள். 'இன்னும் வேண்டும் அக்கா' என்றான். எப்படி இருமுவார், காலையில் எழுந்ததும் எந்தப் பக்கம் பார்ப்பார், கோபம் வந்தால் கத்துவாரா பேசாமலிருப்பாரா, உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோமா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

தனுஷ்கோடியை நாற்காலியில் உட்காரவைத்துப் பாலம் வரை தூக்கி வந்தார்கள். அந்தப் பக்கம் இன்னொரு ஆம்புலன்ஸை, ஊருக்குள் வந்துவிடாதே என்று கெஞ்சி, செங்கல் சூளைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். யாரும் கூடப் போகமுடியாது. போனை வாய்க்கருகில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "நான் வர்ற வரைக்கும் என் இடத்துல நீ இரு" என்றார் தனுஷ்கோடி.

"சரி, இருக்கேன்" என்றது போன், தனுஷ்கோடியின் குரலில். அவர் போனைத் தீயைத் தொட்டவர்போல் மனைவி கையில் போட்டுவிட்டார். பிறகு வீங்கிய காலைத் தேய்த்துத் தேய்த்துப் பாலத்தில் நடந்தார். ஊரே இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு தடவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காளீஸ்வரி தன் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவர் மறுபடி நடந்தார், பாலம் முடிந்தது, ரோடு மடங்கவில்லை, ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் குலவைச் சத்தம் எழுந்தது. காளீஸ்வரியும் அழுதுகொண்டே குலவையிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கட்டில் விரிப்பில் ஆள் படுத்து எழுந்த பள்ளம் இருந்தது. உள்ளறையிலிருந்து, "ஏ ஈஸ்வரி, வெந்நி போட்டியா?" என்று குரல் கேட்டது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே யாரும் தென்படவில்லை. ஆனால் வெந்நீர் வைத்தால் செலவானது, துண்டு ஈரமானது, சோறு வைத்தால் தட்டு காலியானது. அவள் கண்ணுக்குத்தான் அவன் படவில்லை; மற்றவர்களுக்குப் பட்டான். "தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு இப்ப உடம்பு தேவலைபோல, கடைத்தெருவுல பாத்தேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கமிஷன் கடையில் மறுபடி எடை போடக் கூப்பிட்டார்கள், ஒரு குன்றிமணி பிசகாமல் போடுகிறார் என்று மெச்சினார்கள். சோலையப்பன் அவனைக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார். ஈடு என்று எல்லோருக்கும் தெரியும்; தெரிந்த மூன்றாம் நாளே எல்லோரும் மறந்தும்போனார்கள். இருமாத, இரைக்காத, எதற்கும் எரிந்து விழாத தனுஷ்கோடியை ஊருக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டு போனுக்குக் கூப்பிட்ட நாகஜோதி, "அப்பா எவ்வளவு நேரம் பேசினாரு தெரியுமாம்மா? சின்னப்புள்ளையில எனக்குச் சொன்ன கதையெல்லாம் சொன்னாரு" என்று சிரித்தாள். காளீஸ்வரி ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைச் சேலையில் துடைத்தாள். அந்தக் கதைகளை அவள் தூரத்தானுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அசல் தனுஷ்கோடி மதுரையில் ரத்தம் சுத்தமாகி, வீக்கம் வற்றி, ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். அங்கே வாங்கிய புதுப் போனில், எப்போது வரலாம் என்று தினமும் கேட்டார். முளைப்பாரி வளர்ந்தது, தீச்சட்டி எடுத்தார்கள், பாரியை ஊருணியில் கரைத்தார்கள். வெயில்முத்து தன் காப்பை அவிழ்த்தார், மற்றவர்களுடையதை அவிழ்த்தார், கடைக்கு வந்து பச்சை விளக்குப் பெட்டியின் காப்பையும் அவிழ்த்தார். உடனே அந்தோணிச்சாமியின் பஸ் மதுரைக்குக் கிளம்பி, மதுரைக்கே போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார்கள். கொஞ்சம் வருத்தப்பட்டவர்களும் உண்டு.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தபோது காளீஸ்வரி தலையில் பூ வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் நின்றாள். எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் அந்தோணிச்சாமி வெளிறிப்போன முகத்தோடு இறங்கினார். "நாந்தான் தாயி ஏத்திவிட்டேன். முன்சீட்டுலதான் உக்காந்திருந்தாரு. பாலத்துல ஏறினோம், எறங்கினோம், திரும்பிப் பாத்தா சீட்டு காலி" என்றார். அவள் போன் அடித்தது. "ஈஸ்வரி, நான் செங்கல் சூளைகிட்டதான் நிக்கேன்" என்றார் தனுஷ்கோடி. "பஸ்ஸு என்னைய விட்டுட்டுப் போயிருச்சு. நடந்து பாத்தேன். பாலம் ஏறினா திரும்பச் சூளைக்கே வருது."

அவள் கடைக்கு ஓடினாள். "காப்பு அவுத்தாச்சு. போயிரு. அவரு இடத்தை விட்டுட்டுப் போயிரு" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

'காப்பு வேறு, ஈடு வேறு அக்கா' என்று எழுதினான் தூரத்தான், எப்போதும்போல மரியாதையாக. 'அவர் ஊருக்குள் வந்து நேரில் கேட்டால் உடனே கொடுத்துவிடுவேன். மனைவி கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று நீங்கள்தான் அடித்தீர்கள்.'

"நீ இருந்தா அவரு எப்படிப்பா உள்ள வருவாரு?"

'ஆமாம் அக்கா. ஊரில் தனுஷ்கோடிக்கு ஒரு இடம்தான் இருக்கிறது. நானும் யோசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'

அவள் பூசாரியிடம் போனாள். பூசாரி உதட்டைப் பிதுக்கினார். ஈடு இருந்தவன் எவனும் இப்படி முழுசாக இருந்ததில்லை, சோறு போட்டால் தின்றுவிட்டு எப்போது விடுவீர்கள் என்று காத்துக் கிடப்பான் என்றார். சோலையப்பனிடம் போனாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "என்ன தாயி சொல்றே? தனுஷ்கோடி இப்பத்தான என்கூட டீ குடிச்சிட்டுப் போறான்?" என்றார். அந்தப் பதிலில் கேலி இல்லை.

அடுத்த சில நாட்கள் தனுஷ்கோடி சூளைக்கு வந்து நிற்பதும், முடியாமல் மதுரைக்குத் திரும்புவதுமாக இருந்தார். பார்க்கப் போனவர்கள் யாரோ சாயலில் தனுஷ்கோடி மாதிரி ஒருவர் நிற்கிறார் என்றார்கள். காளீஸ்வரிக்கு இப்போது புதிதாக ஒரு பயம் பிடித்தது. சமையலறையில் நிற்கும்போது உள்ளறையிலிருந்து பேச்சுக் கேட்டால் தன்னையறியாமல் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் கதவிடுக்கில் ஒரு தோள் தெரிந்தது. மறுநாள் காது தெரிந்தது, காதில் அவருக்கு இருக்கிற மச்சமும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் இந்த வீட்டில் இருந்தால் முழு முகமும் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் சூளையில் நிற்கிறவரைத் தனக்கும் அடையாளம் தெரியாது என்று அவளுக்கு உறைத்தது. உடனே பையை எடுத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் இரண்டு சேலையையும் திணித்தாள்.

"எங்க கிளம்பிட்டே ஈஸ்வரி?" என்றது உள்ளே இருந்து குரல்.

அவள் திரும்பிப் பார்க்காமல், "பாலத்துக்கு" என்றாள்.

"வெயிலு கொளுத்துது. தலையில துணியைப் போட்டுக்கிட்டுப் போ."

கல்யாணமான புதிதில், சந்தைக்குக் கிளம்பியவளிடம் தனுஷ்கோடி இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார், அப்புறம் எந்த வருஷமும் சொன்னதில்லை. அவள் கால் ஒரு நிமிஷம் நகர மறுத்தது. நகராத காலைப் பார்த்து மிரண்டுபோய், கதவைக்கூடச் சாத்தாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

அவளை ரோடு தடுக்கவில்லை. சூளையை ஒட்டிய மைல்கல்லில் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்தார், எலும்பும் தோலுமாக, ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய் முடியாமல் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அப்போது பைக்குள் போன் அடித்தது. பதற்றத்தில் எங்கோ அமுக்கிவிட்டாள், குரல் உரக்கக் கேட்டது. "பாலம் தாண்டிட்டியா ஈஸ்வரி? அவரு வெயில் தாங்க மாட்டாரு. பஸ்ஸு வருது, ரெண்டு பேரும் ஏறிருங்க. வீட்டை நான் பாத்துக்கிறேன்."

தனுஷ்கோடி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வெகுதூரத்துச் சொந்தக்காரனைப் பற்றி விசாரிக்கிற மாதிரி, "நான் அங்க நல்லா இருக்கேனா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கீங்க" என்றாள் காளீஸ்வரி.

"மூச்சு இரைக்கிறது?"

"இல்ல. சத்தமே இல்லாம தூங்குறீங்க."

அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஊரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நீ அங்கேயே இருந்திருக்கலாம்ல" என்றார்.

காளீஸ்வரி எழுந்து ரோட்டுக்கு வந்து, பாலம் இறங்கி வந்துகொண்டிருந்த மதுரை பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.